வாதி ரம்முக்குப் போகும் பிள்ளைகளின் பையில் கம்பளி இருக்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

அரபு படிக்க ஜோர்தானுக்குப் போகும் எங்கள் பிள்ளைகளுக்கு விசா, கட்டணம், விடுதி பற்றிச் சொல்லித்தர இங்கே ஆட்கள் நிறைய. வார இறுதியில் வகுப்புத் தோழர்கள் வாதி ரம் பாலைவனத்தில் கூடாரம் அடிக்கக் கூப்பிட்டால் பையில் எதை வைப்பது என்று சொல்லத்தான் ஒருவரும் இல்லை. வீட்டார் சொல்வது தொப்பியோடும் வெயிலுக்குப் பூசும் கிறீமோடும் முடிந்துவிடுகிறது. அங்கே இந்தப் பிள்ளைகளை முதலில் வருத்துவது குளிர்.

வாதி ரம் தலைநகர் அம்மானுக்குத் தெற்கே ஏறத்தாழ 320 கிலோமீற்றர். பள்ளத்தாக்கின் தரையே கடல் மட்டத்திலிருந்து 900 மீற்றருக்கு மேல். செப்டெம்பரில் வகுப்புத் தொடங்கியவர்களுக்கு ஊர் பழகி, கையில் நாலு தினார் மிஞ்சி, பயண ஆசை வருவது பெரும்பாலும் நவம்பர், டிசெம்பரில். அப்போது பகல் இதமாக இருக்கும். வானத்தில் முகிலும் காற்றில் ஈரமும் இல்லாததால் பொழுதுபட்டதும் மணல் சூட்டை விட்டுவிடும். விடியப்புறம் சுழியப் பாகையை ஒட்டி இறங்கும் நாட்களும் உண்டு. மார்கழியிலும் 20 பாகைக்குக் கீழே அபூர்வமாகவே இறங்கும் யாழ்ப்பாணத்தில் வளர்ந்த உடம்புக்கு இது புதிது.

மேலே எத்தனை போர்வை போர்த்தாலும் கீழே ஒன்றும் இல்லாவிட்டால் உடம்புச் சூட்டைத் தரை இழுத்துக்கொள்ளும். எங்கள் பன்பாய் அதற்கு உதவாது. ஒரு சென்ரிமீற்றருக்குக் குறையாத தடிப்பில் நுரை விரிப்பு வேண்டும். உறக்கப்பையின் சீட்டில் இரண்டு மூன்று வெப்பநிலை போட்டிருப்பார்கள். கடைக்காரர் காட்டுவது ஆகக் குறைந்த எண்ணை. அது உயிர் தப்பும் அளவு. சுகமாகத் தூங்கும் அளவு என்று தனியாக ஓர் எண் இருக்கும், அது சுழியமோ அதற்குக் குறைவோ என்றால் வாங்கலாம். பகலில் வியர்த்த பருத்திச் சட்டையோடு படுக்கக் கூடாது. காய்ந்த கம்பளிச் சட்டை, காலுக்கு மேசு, தலைக்குக் குல்லா.

குளிர் தாங்காமல் கரிச்சட்டியைக் கூடாரத்துக்குள் இழுத்து வைப்பதுதான் ஆகப் பெரிய ஆபத்து. பாலைவன நாடோடிகளான பதுவீன்களின் ஆட்டுமயிர்க் கூடாரம் நெசவு இடைவெளியால் மூச்சுவிடும், ஒரு பக்கம் திறந்தும் இருக்கும். நைலோன் கூடாரம் அப்படியல்ல. புகை அடங்கிச் செந்தணலாக இருக்கும் கரியும் காபன் மொனொக்சைட்டை விட்டுக்கொண்டே இருக்கும்; அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தலையிடி, கிறுதி, சத்தி என்று தொடங்கும். தூங்கிவிட்டவருக்கு அந்த எச்சரிக்கையும் கிடையாது. அடுப்பும் தணலும் வெளியில்தான். சிறு காஸ் பேணி கொண்டுபோவோர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: வெறும் பியூட்டேன் சுழியப் பாகைக்குச் சற்றுக் கீழேயே கொதிநிலை உடையது, ஆகவே விடியக் குளிரில் ஆவியாக மறுக்கும். புரொப்பேன் கலந்த பேணி வாங்குங்கள். விமானத்தில் எந்தப் பேணியும் ஏற்ற விடமாட்டார்கள்.

அடுத்தது வெள்ளம். வழுக்கையாறு ஒன்றைத் தவிர ஆறில்லாத குடாநாட்டில் வெள்ளம் என்றால் குளமும் வயலும் மெல்ல நிறைவதுதான். அங்கே மொட்டைப் பாறையிலும் இறுகிய தரையிலும் மழை ஊறாது. எங்கோ மலையில் பெய்தது, நீங்கள் நிற்கும் இடத்தில் வானம் வெளித்திருக்க, ஒடுங்கிய பள்ளத்தால் பாய்ந்து வரும். 2018 ஒக்டோபர் 25 அன்று சாக்கடல் பக்கம் இப்படி வந்த வெள்ளத்தில் 20 பேர் வரையில் இறந்தார்கள், பெரும்பாலும் சுற்றுலா வந்த பாடசாலைப் பிள்ளைகள். மழைக்காலம் ஒக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை. மணல் மெத்தையாக, காற்றுப் படாமல் இருக்கிறதே என்று பள்ளத்தின் அடியில் கூடாரம் அடிக்காதீர்கள். கரையில் காய்ந்த சுள்ளியும் சருகும் ஒரே கோடாக ஒதுங்கியிருக்கும். பழைய வெள்ளம் எட்டிய உயரம் அது. அதற்கும் மேலே, ஆனால் கல் உருளும் செங்குத்துப் பாறையின் காலடியைவிட்டுத் தள்ளி இடம் பாருங்கள்.

மணலில் கூடார முளை நிற்காது. ஒரு பையில் மணல் நிரப்பி, கயிற்றை அதில் கட்டி, முழங்கை ஆழத்துக்குப் புதைத்து மிதித்துவிட்டால் காற்றுக்கு அசையாது.

தண்ணீர் குளிர்காலத்திலும் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லீற்றர், சமையலுக்குப் புறம்பாக. ஒரே பெரிய கலனில் கொண்டுபோனால் அது ஒழுகும் நாளில் எல்லாம் போச்சு. ஒன்றரை லீற்றர்ப் போத்தல்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் ஜீவனி உப்புப் பக்கற்று நாலும் போகட்டும். குடிக்கும் தண்ணீரைத் தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவும் வுழூவுக்கு ஊற்றித் தீர்த்துவிட்டுத் தவிக்க வேண்டாம், தண்ணீருக்குப் பதில் மண்ணால் செய்யும் தயம்முமுக்கு மணல் தாராளம்.

ஜோர்தானில் விடுமுறை வெள்ளியும் சனியும். வெள்ளி காலையில் பஸ் குறைவு. வியாழன் வகுப்பு முடிந்து தெற்கே உள்ள துறைமுக நகரான அகபாவுக்குப் போய்த் தங்கி, மறுநாள் வெளிச்சத்தில் ஒரு மணித்தியாலத்தில் ரம்முக்குப் போவதே நல்லது. இரவில் போய் இறங்கி இடம் தேடுவது வீண் அலைச்சல். வாடகைக் காரை மணலுக்குள் இறக்க வேண்டாம். புதைந்தால் இழுக்கும் செலவு உங்கள் தலையில். உள்ளூர் பதுவீன் சாரதியோடு மொத்தக் கூலி, இராச்சாப்பாடு, திரும்ப ஏற்றும் இடம், நேரம் நாலையும் பேசி, அரபியிலேயே ஒரு தாளில் எழுதி அவருக்கும் காட்டுங்கள். வகுப்பில் படித்த எண்களும் நேரமும் நாவில் ஏற இதைவிட நல்ல பயிற்சி கிடைக்காது. கோப்பி தந்தால் வலக்கையால் வாங்க வேண்டும். போதும் என்றால் கோப்பையை இலேசாக ஆட்டிக் கொடுங்கள், இல்லாவிட்டால் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள்.

படுக்கும்போது சப்பாத்தை வெளியே விடாதீர்கள். விட்டால் காலையில் கவிழ்த்துத் தட்டிவிட்டுப் போடுங்கள், தேள் இருக்கும். விறகுக்கு அங்குள்ள செடிகளை முறிக்காமல் வழியில் உள்ள ஊரிலேயே வாங்கிக்கொண்டு போங்கள்.

பெற்றாருக்கும் ஒன்று. பாறைகளுக்கிடையில் போன் எடுக்காது. அதற்காகப் பயந்து விடுதியை எழுப்ப வேண்டாம். சாரதியின் இலக்கத்தையும் திரும்பும் நேரத்தையும் பிள்ளையிடம் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். அவர்கள் சனி இரவு 8 மணிக்கு அழைப்பதாகச் சொன்னால் இங்கே அது இரவு 10.30. அதற்குப் பிறகும் அழைப்பு வராவிட்டால் சாரதிக்கு எடுங்கள்; அவரும் கிடைக்காவிட்டால் அம்மானில் உள்ள தோழர் ஒருவர் மூலம் அந்நாட்டு அவசர இலக்கமான 911க்குச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
அரபு ஆசிரியர் ஒருவர்
ஐந்து சந்தி, யாழ்ப்பாணம்