நியமனக் கடிதம் கேட்டால் குற்றமா?

ஆசிரியருக்கு,

என் தங்கையின் மகன் நிலாவெளிப் பக்கம் ஒரு ஹோட்டலில் இரண்டு வருடமாக வேலை செய்கிறான், இன்னும் நியமனக் கடிதம் இல்லை. கேட்டால் 'சீசன் முடியட்டும் தம்பி' என்கிறார்கள், முடிந்ததும் 'வீட்டில் இரு, கூப்பிடுகிறோம்' என்கிறார்கள். மனிதவள முகாமையாளர் என்று கதவில் பலகை தொங்குகிறது. உள்ளே இருப்பவர் முதலாளியின் மச்சான், பிந்தி வருபவன் பெயருக்குக் கீழே சிவப்புக் கோடு கீறுவதுதான் அவர் வேலை!

சம்பளத்தில், ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதிக்கென்று (EPF) 8 வீதம் வெட்டுகிறார்கள். முதலாளி போடவேண்டிய 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு (ETF) அவரே கட்டவேண்டிய 3 வீதமும் போகிறதா என்று பார்க்க அவனிடம் அங்கத்தவர் இலக்கமே இல்லை. தற்காலிகமோ நிரந்தரமோ, வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே இது கட்டப்பட வேண்டும்.

சின்ன இடம், கட்டுப்படியாகாது என்பார்கள். சரி, பழக்கியெடுத்த பையன்கள் கட்டார், டுபாய் என்று போய்விட, ஒவ்வொரு மே மாதமும் புதியவனுக்குத் தட்டுப் பிடிப்பதிலிருந்து சொல்லிக்கொடுக்கிற செலவு மட்டும் கட்டுப்படியாகிறதா? தொழில் திணைக்கள அதிகாரிகள் சீசன் நேரத்திலேயே வந்து பதிவேடுகளைப் பார்க்கட்டும்.

வாசகர் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை