மாரியில் எங்கள் படலையைத் திறந்து வந்தவர்களுக்கு

எங்கள் ஒழுங்கைச் சனத்துக்கும், ஒழுங்கைக்கு வெளியே இருந்து கைகொடுத்தவர்களுக்கும் வணக்கம்.

களுவாஞ்சிகுடியில் ஆற்றங்கரைப் பக்கம், கோயிலடி ஒழுங்கையின் கடைசி வீட்டிலிருந்து எழுதுகிறேன். புத்தகத்தில் மட்டக்களப்பு வாவி என்று போட்டிருப்பதை நாங்கள் ஆறு என்றுதான் சொல்லுவோம். மார்கழி முடியப் போகிறது. ஆறு பழைய கரைக்கு இறங்கிவிட்டது. நேற்றுத்தான் மெத்தைகளைத் தூக்கி முற்றத்து வெயிலில் போட்டோம். மெத்தையைப் புரட்டிக்கொண்டு நிற்கும்போது, மூன்று பேரும் இந்த மாரியைக் கடந்துவிட்டோம் என்பது மனதில் உறைத்தது. நேரில் வந்து நன்றி சொன்னால் "அதுக்கென்ன" என்று பேச்சை மாற்றிவிடுவீர்கள். அதனால் எழுத்தில் சொல்கிறேன், இருந்து வாசியுங்கள்.

என் கணவர் ஆவணியில் காலமானார். 31ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியை வரை வீடு கொள்ளாத ஆட்கள். மறுநாள் பந்தலைக் கழற்றினார்கள், வாடகைக் கதிரைகளை ஏற்றினார்கள். அம்மாவும், பத்தாம் ஆண்டு படிக்கும் மகளும், நானும் மிஞ்சினோம். பிறகு மழை தொடங்கியது. எட்டு மணி வரை படுத்துக் கிடப்பேன். யன்னல் திறப்பதில்லை. அலுமாரிக்குப் பின்னால் சுவரில் பூஞ்சணம் ஏறியது. மகள் தானே பாணை வெட்டிச் சம்பலோடு தின்றுவிட்டுப் பள்ளிக்கூடம் போவாள். எல்லாம் கண்ணுக்குத் தெரிந்துகொண்டுதான் இருந்தது. எழும்ப முடியவில்லை.

ஐப்பசியில் ஒரு விடியற்காலை அம்மா பின்வாசல் படியில் வழுக்கி விழுந்தார். ஒரு மாதமாக யாரும் தேய்க்காத படி, பச்சைப் பாசி. அம்மாவுக்கு 78 வயது. எக்ஸ்ரேயில் முறிவு இல்லை என்றார்கள். ஆனால் இடுப்பில் கன்றிய இடம் நாவற்பழ நிறத்தில் இரண்டு கிழமை கிடந்தது. அந்தப் படியைத் தேய்த்திருக்க வேண்டியவள் நான்.

எதிர்வீட்டு மாமி, அடுத்த நாள் காலை ஆறு மணிக்கு எங்கள் படலைச் சங்கிலியைக் கிலுக்கினீர்களே, அதற்கு முதல் நன்றி. கையில் எவர்சில்வர் தூக்குச்சட்டி, அதற்குள் இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீ. விறாந்தையில் உட்கார்ந்துகொண்டு, "ஒழும்பு மனே, தேத்தண்ணி ஆறுறதுக்குள்ள வாசலைக் கூட்டிப்போட்டு வா" என்றீர்கள். வேறு ஒரு வார்த்தை இல்லை. விளக்குமாற்றோடு இறங்கினேன். மாவிலைகள் ஈரமண்ணில் ஒட்டிக் கிடந்தன, ஒவ்வொன்றாகக் கிளப்ப வேண்டியிருந்தது. கிணற்றடிக்குப் போனபோது அங்கே இவருடைய செருப்பு. ஒன்று கவிழ்ந்து கிடந்தது, மற்றதன் குதிப் பள்ளத்தில் மழைத் தண்ணீர். அதற்கு மேல் கை ஓடவில்லை. அரை முற்றத்தோடு திரும்பி வந்தேன். நீங்கள் முற்றத்தையும் பார்த்தீர்கள், என்னையும் பார்த்தீர்கள். "காணும். மிச்சம் நாளைக்கு" என்று தேநீரை ஊற்றித் தந்தீர்கள்.

மறுநாளும் அதே ஆறு மணி. மிச்ச முற்றம். அதற்கடுத்த நாள் யன்னல்கள். பிறகு அலுமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தல், வாசலில் காய்ந்த சாக்கு ஒன்றை விரித்தல், அம்மாவின் கட்டிலடியில் டோர்ச் வைத்தல். ஒரு நாளைக்கு ஒரு வேலை, அதுவும் தேநீர் ஆறும் நேரத்துக்குள் முடிகிற வேலை. ஒருநாளும் இரண்டாவது வேலை சொன்னதில்லை நீங்கள். இரண்டாவதை நானாகத் தேடிச் செய்யத் தொடங்கியது எந்த நாளில் என்று யோசித்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை. மனதைத் திடப்படுத்து, பிள்ளைக்காக எழும்பு என்று சொன்னவர்களும் நல்ல மனதோடுதான் சொன்னார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இன்னும் படுக்கத்தான் தோன்றியது. நீங்கள் தந்த அரை முற்றம்தான் என்னை எழுப்பியது, மாமி.

மேசன் அண்ணன், நீங்கள் அம்மாவைப் பார்க்க வந்தவர். பார்த்துவிட்டு நேரே பின்வாசலுக்குப் போய்ப் படியைக் காலால் தேய்த்துப் பார்த்தீர்கள். மறுநாள் பாசியைச் சுரண்டி, சீமெந்தைக் கொத்திச் சொரசொரப்பாக்கி, பக்கத்தில் இரும்புக் குழாய் ஒன்றைக் கைபிடியாக நட்டுவிட்டீர்கள். சீமெந்துக் காசைத் தவிர ஒன்றும் வாங்கவில்லை. அம்மா இப்போது அந்தக் குழாயைப் பிடிக்காமல் கீழே இறங்குவதில்லை. பிடித்துப் பிடித்துக் குழாயே மினுங்குகிறது.

வயரிங் வேலை செய்யும் தம்பி, உமக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. குசினி பல்பு மின்னுகிறது என்று கூப்பிட்டேன். நீர் முதலில் மீற்றர்ப் பெட்டியைத் திறந்து ட்ரிப் சுவிட்சில் உள்ள சோதனைப் பொத்தானை அமத்தினீர். விழவில்லை. மின் ஒழுக்கு 30 மில்லி அம்பியர் ஆனால் தானே விழ வேண்டிய சுவிட்ச் அது, ஈரச் சுவரைத் தொட்டு உயிர் போகாமல் காப்பாற்றுவது. எங்கள் வீட்டில் எப்போது செத்துப்போனதோ யாருக்கும் தெரியாது. நாங்கள் அத்தனை மழை நாளும் அதை நம்பி வெறுங்காலோடு நடந்திருக்கிறோம். புதியதைப் பூட்டிவிட்டு, என் விரலைக் கொண்டே பொத்தானை அமத்த வைத்தீர். டக்கென்று வீடு இருண்டது. மகள் கை தட்டினாள். இப்போது கலண்டரில் ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதியில் "ட்ரிப்" என்று எழுதியிருக்கிறோம். தண்ணீர் வீட்டுக்குள் வரும்போல் இருந்தால் வருவதற்கு முதலே மெயினை விழுத்து, வந்த பிறகு தண்ணீரில் நின்றுகொண்டு தொடாதே என்று நீர் சொன்னது கார்த்திகையில் உதவியது. அதற்கு வருகிறேன்.

பொதுச் சுகாதாரப் பரிசோதகர், எங்கள் பி.எச்.ஐ. ஐயாவுக்கும் நன்றி. டெங்கு நுளம்பின் முட்டை தண்ணீரில் மிதப்பதில்லை, பாத்திரத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டு காய்ந்தபடியே மாதக்கணக்கில் கிடக்கும், தண்ணீரை ஊற்றிவிட்டால் மட்டும் போதாது, தும்புக்கட்டையால் உரஞ்ச வேண்டும் என்பதை எங்கள் வாளியையே கவிழ்த்துக் காட்டிச் சொன்னீர்கள். முட்டை நுளம்பாக எட்டுப் பத்து நாள் போதும், அதனால் கிழமைக்கு ஒருமுறை தவறாமல் என்றீர்கள். ஞாயிறு காலை இருபது நிமிடம் எனக்கும் மகளுக்கும் அதுதான் வேலை. பூச்சாடித் தட்டு, கூரைப் பீலி, சிரட்டை, குளிர்சாதனப்பெட்டிக்குப் பின்னால் உள்ள தட்டு. அந்தக் கடைசித் தட்டு அங்கே இருப்பதே எங்களுக்குத் தெரியாது.

ரொறன்ரோவில் இருக்கும் என் தங்கச்சிக்கு இது வந்து சேரும். இங்கே காலை ஆறு மணி ஆகும்போது அங்கே முதல் நாள் இரவு ஏழரை. மாமி வரும் நேரத்தில் அவளும் தொலைபேசியில் வருவாள், மூன்று பேருமாகத் தேநீர் குடிப்போம். மார்கழியில் அங்கே பின்னேரம் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் இறங்கிவிடும். போன முதல் வருடம் அந்த இருட்டைப் பார்த்து ஒவ்வொரு நாளும் அழுதாளாம். இப்போது நாலரைக்கே தெருப்பக்க யன்னலில் ஒரு விளக்கைப் போட்டுவிடுவாளாம், வருகிறவர்களுக்கும் வழி, தனக்கும் தெம்பு. அவள் சொன்னதைக் கேட்டுத்தான் கார்த்திகை விளக்கீட்டன்று படலையில் வைத்த விளக்கை அடுத்த நாளும் ஏற்றினேன். இன்று வரை நிறுத்தவில்லை. அவள் செய்த இன்னொன்று அதைவிடப் பெரிது. துணி காயவில்லை என்று கரிச்சட்டியைத் தணலோடு அம்மாவின் அறைக்குள் வைத்து, கதவைச் சாத்தியிருந்தேன். வீடியோவில் கண்டவள் கத்தினாள். கரித் தணலில் வரும் காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை நிறமும் இல்லை, நித்திரையிலேயே ஆள் போய்விடும், அங்கே வீடுகளில் அதற்கென்றே அலாரம் வைத்திருக்கிறோம் என்றாள். சட்டியை அந்த நிமிடமே விறாந்தைக்குத் தூக்கினேன். துணியை இப்போது யன்னலைத் திறந்து வைத்து ஃபேன் காற்றில் காயவிடுகிறோம்.

இனி வெள்ளத்துக்கு வருகிறேன். நவகிரி, உன்னிச்சைக் குளங்களின் வான்கதவுகள் திறபடுகின்றன என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனார்கள். ஆறு கடலோடு சேரும் முகத்துவாரத்து மணல்திட்டை இன்னும் வெட்டவில்லை, தண்ணீர் வடிய வழியில்லை. பின்னேரம் ஒழுங்கையில் கணுக்கால் அளவு, இரவு பத்து மணிக்கு முழங்கால் அளவு. விளையாட்டுக் கழகத் தம்பிமாரே, நாங்கள் கூப்பிடவே இல்லை. நான்கு பேர் வந்து அம்மாவைப் பிளாஸ்டிக் கதிரையில் இருத்தி, கதிரையோடு தோளுக்குத் தூக்கினீர்கள். "பயப்படாதீங்க அம்மம்மா, தேர் போலத்தான்" என்று ஒரு குரல் கேட்டது, இருட்டில் யாரென்று தெரியவில்லை. நான் மெயினை விழுத்தினேன். மகள் அரிசி வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

அரிசி வாளியின் கதையையும் சொல்ல வேண்டும். 1978 நவம்பர் 23 சூறாவளியில் கூரை பறந்து, காணி உறுதி முதல் அக்காவின் பிறப்பத்தாட்சி வரை நனைந்து கூழானதை அம்மா பார்த்தவர். அதிலிருந்து மாரி வந்தால் அடையாள அட்டை, உறுதி, வங்கிப் புத்தகம், தன் கிளினிக் கொப்பி, மருந்து எல்லாவற்றையும் பொலித்தீனில் சுற்றி மூடியுள்ள அரிசி வாளிக்குள் போட்டுக் கதவடியில் வைப்பார். மூடிமேல் மகள் ஒட்டிய தாளில் அனர்த்த முகாமைத்துவத்தின் 117, அம்புலன்சின் 1990. இத்தனை வருடமாக அந்த வாளியில் நான் கால் இடித்து எரிச்சல்பட்டிருக்கிறேன். அம்மா, உங்களுக்கும் நன்றி.

அன்றிரவு பள்ளிக்கூடத்தில் எங்களுக்குப் பாய் விரித்த ஆசிரியர்களையும், விடியமுன் பெரிய பானையில் பருப்புக் கறி வைத்த பெண்களையும் மறக்கமாட்டேன். காலையில் தம்பிமார் வந்து, "அக்கா, உங்கட வீட்டுக்குள்ள தண்ணி ஏறல்ல" என்றார்கள். மேல்படிக்கு ஒரு படி கீழே நின்றுவிட்டது. 2011 தை வெள்ளத்துக்குப் பிறகு இவர் வீட்டைத் தரையிலிருந்து உயர்த்திக் கட்டினார். வீண் செலவு என்று இரண்டு மாதம் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்தக் காலையில் படியில் நின்று தண்ணீர்க் கோட்டைப் பார்த்தபோதுதான் அதற்கு அவருக்கு நன்றி சொன்னேன். இந்த மடலிலும் சொல்லி வைக்கிறேன்.

தாழ்ந்த வீடுகளிலிருந்து மூன்று குடும்பங்கள் நான்கு நாள் எங்களோடு இருந்தீர்கள். எங்களுக்கு உபகாரம் செய்ய வந்தவர்கள் போலவே நடந்தீர்கள். வாசலில் கால் கழுவ ஒரு வாளி, பக்கத்தில் துவாய், சாக்கு. குடைகள் கொடியில். வெள்ளத்தோடு பாம்பு ஒதுங்கும் என்று செருப்பையும் போர்வையையும் உதறிப் பார்க்கும் பொறுப்பைச் சின்னப் பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள், பெரியதொரு கம்போடு. ரொட்டி சுட்டோம், சம்பல் அரைத்தோம், கொத்தமல்லி அவித்தோம். ஆவணிக்குப் பிறகு முதல் முறையாக எங்கள் வீட்டில் ஒருவரை ஒருவர் கூப்பிடக் குரலை உயர்த்த வேண்டியிருந்தது. தண்ணீர் வற்றியதும் போகும் முன் எங்கள் கிணற்றை இறைத்துத் தந்துவிட்டுத்தான் போனீர்கள். பி.எச்.ஐ. ஐயா குளோரின் போட்டார். குடிக்கிற தண்ணீரை இன்னும் கொதிக்க வைத்துத்தான் குடிக்கிறோம்.

கடைசியாக, மகளே, உனக்கு. ஒவ்வொரு இரவும் கலண்டர்க் கட்டத்தில் அன்று நடந்த ஒன்றை எழுதி வந்தாய். "யன்னல்." "படி." "அம்மம்மா நடந்தா." மெத்தை காயப்போட்ட பிறகு பழைய மாதங்களைப் புரட்டிப் பார்த்தேன். வெள்ளத்துக்கு ஒரு கிழமை முன்னால் உள்ள கட்டத்தில், "அம்மா எனக்கு ஏசினா" என்று எழுதி, பக்கத்தில் ஒரு பூ கீறியிருக்கிறாய். ஈரக் காலோடு சுவிட்சைத் தொடப் போனதற்கு ஏசினேன், நினைவிருக்கிறது. மூன்று மாதமாக உன்னை ஏசக்கூட நான் வாய் திறக்கவில்லை என்பது அந்தப் பூவைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது.

மாமி, உங்கள் தூக்குச்சட்டி என்னிடம்தான் இருக்கிறது. துடக்கு வருடம், எங்கள் வீட்டில் பொங்கல் இல்லை. வெறும் சட்டியாகத் திருப்பித் தரவும் மனமில்லை. நாளைக்குக் காலை நீங்கள் வர வேண்டாம், நான் பிளேன்டீயோடு உங்கள் வீட்டுக்கு வருகிறேன். ஆறு மணிக்குப் படலையைத் திறந்து வையுங்கள்.

அன்போடு,
ஒழுங்கையின் கடைசி வீட்டிலிருந்து