கதிர்வேல் மகளுக்கு ஒரு பெயர்

அன்புள்ள கதிர்வேல் கண்ணுக்கு,

அத்தை எழுதுகிறேன். பாப்பாவும் அம்முணியும் நலமாக வீட்டுக்கு வந்துவிட்டார்கள் என்று கேட்டதிலிருந்து மனசு நிறைந்து கிடக்கிறது. நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஐந்து பெயர்களையும் பழைய நோட்டில் எழுதி, திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். "கடைசிப் பெயரோட பொருந்தற மாதிரி ஒண்ணைச் சொல்லுங்கத்தை" என்று கேட்டிருந்தாய். முப்பத்து நான்கு வருஷம் ஆரம்பப் பள்ளியில் சேர்க்கைப் பதிவேடு எழுதியவள் நான். பெயர் விஷயத்தில் எனக்குச் சொல்வதற்கு நிறைய இருக்கிறது. இதே குழப்பத்தோடு எத்தனையோ வீடுகள் இருப்பதால் ஊரறியவே எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கடைசிப் பெயரையே பேசிவிடுவோம். அது உனக்கு எப்படி வந்தது என்று நினைவிருக்கிறதா? 2022 வரை உன் பாஸ்போர்ட்டில் கதிர்வேல் மட்டும்தான். குடும்பப் பெயர் கேட்ட கட்டம் காலி. அந்த நவம்பரில் பனியன் ஆர்டர் பேச துபாய் கிளம்பினாய். ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டில் சுற்றுலா விசா, விசிட் விசாவில் வருகிறவர்களை அனுமதிப்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 21-ஆம் தேதியிலிருந்து சட்டம் போட்டிருந்தது. சாம்பிள் பெட்டியோடு விமான நிலையத்திலிருந்து திரும்பி வந்தாய். அமெரிக்கா போகிறவர்களுக்கு வேறு மாதிரித் தொல்லை. இருக்கிற ஒற்றைப் பெயரைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு, முதல் பெயர் தெரியவில்லை என்பதற்கு எஃப்.என்.யு. என்று மூன்று எழுத்தை விசாவில் அடித்துவிடுகிறார்கள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் இருக்க, தெரியவில்லை என்று எழுதினால் மனசு என்ன பாடுபடும்!

சரி, அப்புறம் நீ பாஸ்போர்ட்டை மாற்றி எடுத்தாய். அந்தக் கட்டத்தில் உன் அப்பா, என் அண்ணன் சென்னியப்பன் பெயர் ஏறியது. நம் அப்பாரும் ஆத்தாளும் பிள்ளை வரம் கேட்டுச் சென்னிமலையின் 1320 படியையும் ஏறி இறங்கிப் பெற்ற பிள்ளை என் அண்ணன். அந்த மலையின் பெயரே அவனுக்கு. நம் சீமையில் மலைகள் எல்லாம் மனிதர்களாக நடமாடும். பழனிசாமி, மருதாசலம், சிவன்மலை என்று ஒரு தெருவில் கூப்பிட்டால் நாலு பேர் திரும்புவார்கள். 1756-இல் காங்கயம் பக்கம் மேலப்பாளையத்தில் பிறந்த குழந்தைக்கு வைத்த பெயர் தீர்த்தகிரி. அவர் வளர்ந்தபின், மைசூருக்குப் போன வரிப் பணத்தைப் பறித்துக்கொண்டு, "சிவன்மலைக்கும் சென்னிமலைக்கும் நடுவே ஒரு சின்னமலை பறித்துக்கொண்டது என்று போய்ச் சொல்" என்று ஆளை அனுப்பினாராம். அன்றிலிருந்து அவர் தீரன் சின்னமலை. கிரியும் மலைதான், சின்னமலையும் மலைதான்.

உன் மாமனார் வழியில் யாரோ சாதிப் பட்டப் பெயரைச் சேர்த்துவிடலாம், இல்லாவிட்டால் குலப் பிரிவைச் சொல்கிற கூட்டப் பெயரைப் போடலாம் என்று சொன்னதாக எழுதியிருந்தாய். வேண்டாம் கண்ணு. 1929-இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டங்களை விட்டுவிடுவது என்று தீர்மானம் போட்டார்கள். நம் ஈரோட்டுக்காரரான பெரியார் தன் பெயருக்குப் பின்னால் இருந்ததை வெட்டிப் போட்டவர். அப்படி உதறியதை ஒரு படிவத்தில் கட்டம் காலியாக இருக்கிறது என்பதற்காகப் பொறுக்கி எடுத்து, பச்சைப் பிள்ளையின் தலையில் கட்டக் கூடாது. கூட்டப் பெயர் குலதெய்வக் கோயில் தலைக்கட்டு வரி நோட்டில் இருக்கட்டும். அங்கே அதற்கு வேலை இருக்கிறது.

அப்படியானால் பாப்பாவின் பின்னால் வர வேண்டியது சென்னியப்பனா, கதிர்வேலா? உன் பாஸ்போர்ட்டில் இருப்பதையே மகளுக்கும் போட்டால் வீட்டுக்கு ஒரே பெயராகிவிடும் என்கிறாய். அண்ணன் போய் மூன்று வருஷம் ஆகிறது. அவன் பெயரை எவ்வளவு தூரம் கொண்டுபோக முடியுமோ கொண்டுபோக வேண்டும் என்று எனக்கும் ஆசைதான். ஆனாலும் கதிர்வேல் என்றே போடச் சொல்கிறேன். பள்ளிக்கூடத்தில் அவள் க. என்று தலைப்பெழுத்து எழுதும்போது, அது அவளைத் தூக்கி வளர்த்த அப்பனின் எழுத்தாக இருக்க வேண்டும். நம் வழக்கத்தில் பெயர் ஒரு தலைமுறை விட்டுக் கைமாறிக்கொண்டே போகும். சென்னியப்பனைச் சுமக்கிற பங்கு உனக்கு, கதிர்வேலைச் சுமக்கிற பங்கு அவளுக்கு. வீட்டில் மூன்று பேருக்கு மூன்று கடைசிப் பெயர் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். பிறப்புச் சான்றிதழில் அப்பா, அம்மா பெயர் இருக்கிறது, உறவுக்கு அது போதும். அம்முணியின் எழுத்தையும் சேர்த்து இரண்டு தலைப்பெழுத்தாகப் போட்டால் இன்னும் சந்தோஷப்படுவேன். பத்து மாதம் சுமந்தவள் அவள்.

இப்போது முன் பெயர். பாப்பாவின் ரோகிணி நட்சத்திரத்துக்கு ஒ, வ, வி, வு என்று ஜோசியர் எழுதிக் கொடுத்திருக்கிறார். உன் பட்டியலில் முதலில் இருக்கிற வள்ளி எனக்கு உயிரான பெயர். ஆனால் உன் பெயரோடு சேர்த்துச் சொல்லிப் பார். வள்ளி கதிர்வேல். கேட்கிறவர்களுக்கு மகளாகத் தெரியாது, கதிர்வேலின் பெண்டாட்டியாகத்தான் தெரியும். முருகன் பெயரைப் பின்னால் வைத்துக்கொண்டு வள்ளி, தேவானை இரண்டையும் தொடக் கூடாது. தலைப்பெழுத்தாக இருந்த காலத்தில் க. வள்ளியில் ஒரு குறையும் இல்லை. முழுப் பெயர் பின்னால் வந்து நிற்கும் இந்தக் காலத்தில்தான் இந்தச் சங்கடம்.

வைஷ்ணவி, வர்ஷிகா இரண்டும் நாக்குக்கு வேலை வைக்கின்றன. ஷ வரும் இடத்தில் பாதிப் பேர் ச என்பார்கள். வயசான உன் அம்மா எப்படிக் கூப்பிடுவாள் என்று யோசித்தாயா?

வானி என்று எழுதியிருந்ததைப் பார்த்து அத்தைக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. நம் பவானி ஆற்றுக்குச் சங்க காலத்துப் பெயர் அது. பதிற்றுப்பத்தில் வருகிறது. அமராவதியைப் பழைய பாட்டில் ஆன்பொருநை என்பார்கள். நம் ஆறுகளுக்கு எவ்வளவு அழகான பெயர்கள்! ஆனால் வானி என்று நீ எழுதினால் ஆபீசில் உட்கார்ந்திருக்கிறவர் வாணி என்றுதான் அடிப்பார். மூன்று சுழி ண போட்டதைத் திருத்த அவள் ஆயுசு முழுக்க அலைய வேண்டும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், என் பதிவேட்டிலேயே ஒரு பிள்ளைக்கு அப்படி நடந்தது. பெயர் மதி. அப்பா சுப்பிரமணியம். சு. மதி என்று நான் எழுதியிருந்தேன். அடுத்த வகுப்பு ஆசிரியர் புள்ளியை விட்டுவிட்டுச் சுமதி என்று எழுதிவிட்டார். அதன்பிறகு எந்தப் பட்டியலிலும் அவள் சுமதிதான். பெயர் கூப்பிட்டால் யாரோ என்று பேசாமல் உட்கார்ந்திருப்பாள். மேல்நிலைப் பள்ளிக்குப் போன பிறகு அவள் அப்பா சான்றிதழ்களைப் பையில் வைத்துக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றதை மறக்க முடியவில்லை. கோ. மதிக்கும் இதே கதிதான். அதனால்தான் எந்தப் பெயரானாலும் தலைப்பெழுத்தை ஒட்டி ஒரு தடவை, முழுப் பெயராக ஒரு தடவை, இங்கிலீஷில் ஒரு தடவை எழுதிப் பார்க்கச் சொல்கிறேன்.

மிச்சம் இருப்பது வானதி. நேற்றுப் பொழுது சாயும் நேரத்தில் வாசலில் நின்று, தோட்டத்துக் கடைசியில் அவள் விளையாடுவதாக நினைத்துக்கொண்டு, "வானதீ..." என்று கூப்பிட்டுப் பார்த்தேன். குரல் கிணற்று மேடு வரைக்கும் போய்ச் சேர்ந்தது. கடைசியில் இகரம் இருந்தால் நீட்டிக் கூப்பிட வாகாக இருக்கும். வானதி கதிர்வேல் என்று சேர்த்துச் சொன்னாலும் எங்கும் தட்டவில்லை. முன்னதில் மூன்று எழுத்து, பின்னதில் ஐந்து. மெல்ல ஆரம்பித்து ல் என்று நின்றுவிடுகிறது. என் மனசு அதில்தான் இருக்கிறது. ஆனால் அம்முணிக்குப் பிடித்தால்தான்.

அவசரம் ஒன்றும் இல்லை. பிறப்பை 21 நாளுக்குள் பதிந்தால் போதும், பெயரைப் பிறகு சேர்க்கலாம். 12 மாதம் வரை கட்டணம் கிடையாது, அதற்குமேல் 15 வருஷம் வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். ஆனால் உன் பெயரின் எழுத்து இப்போதே சரியாக இருக்க வேண்டும். 2023 அக்டோபர் 1-ஆம் தேதியிலிருந்து பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கு இந்தச் சான்றிதழ்தான் ஆதாரம். ஆஸ்பத்திரியில் கொடுத்த படிவத்தில் உன் இங்கிலீஷ் பெயரின் கடைசியில் ஒரு யு சேர்ந்திருப்பதை அம்முணி அனுப்பிய போட்டோவில் பார்த்தேன். உன் பாஸ்போர்ட்டில் அந்த யு இல்லை. நாளைக் காலையிலேயே போய்த் திருத்தச் சொல்லிக் கேள்.

ஞாயிற்றுக்கிழமை தொட்டில் போடும்போது காதில் மூன்று தடவை பெயர் சொல்ல வேண்டியவள் நான். சனிக்கிழமை ராத்திரிக்குள் இரண்டு பேரும் பேசி முடிவெடுத்துச் சொல்லுங்கள். காங்கயத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிடுவேன்.

உன் அத்தை