எல்லா முகவரிகளையும் அழிக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு கணினிப் பக்கத்தில் லிப்விர்ட் பற்றி எழுதியிருந்தீர்கள். ஒரே கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கிய மெய்நிகர் கணினிகளை நிர்வகிக்கும் மென்பொருள் அது. ஒரே பிசிஐ முகவரி (ஒரு சாதனம் எந்த பஸ்ஸில், அதாவது எந்த இணைப்புத் தடத்தில், எந்த ஸ்லாட்டில் இருக்கிறது என்று சொல்லும் எண்) இரண்டு இடத்தில் இருக்கிறது என்று பிழை வந்தால், மெய்நிகர் கணினியின் எக்ஸ்எம்எல்லில் (அதன் அமைப்பு விவரங்கள் எழுதியிருக்கும் கோப்பில்) உள்ள முகவரி வரிகளை எல்லாம் அழித்துவிடுங்கள், லிப்விர்ட்டே புதிதாகப் போட்டுக்கொள்ளும் என்று அதில் யோசனை இருந்தது. போட்டுக்கொள்ளும், உண்மைதான். ஆனால் அப்படிச் செய்து ஓர் இரவு முழுக்கத் தவித்தவள் நான்.

மொரிஷியஸில் ரோஸ் ஹில்லில் இருக்கிறேன். எங்கள் கோவில் அலுவலகத்தில் ஒரே சர்வர், அதற்குள் மூன்று மெய்நிகர் கணினிகள். 2024 ஜனவரி 15 அன்று பெலால் புயல் வந்து போர்ட் லூயி வெள்ளக்காடானது. தைப்பூசம் 25ஆம் தேதி. காவடி, பால்குடம் எடுப்பவர்களின் பெயர்ப் பதிவு முழுவதும் அந்த சர்வரில்தான் இருந்தது. புயலைப் பார்த்த பயத்தில், நகல் எடுத்து வைக்க இன்னொரு டிஸ்க் சேர்க்க நினைத்தேன். 'விர்ஷ் எடிட்' கட்டளையால் அந்த எக்ஸ்எம்எல்லைத் திறந்து, பழைய டிஸ்க்கின் வரிகளை அப்படியே கீழே ஒட்டினேன். கோப்பின் பெயரை மாற்றினேன், டிஸ்க்கின் பெயரான விடிஏ என்பதை விடிபி ஆக்கினேன். அதற்கும் கீழே 'ஸ்லாட் 0எக்ஸ்05' என்று பழைய டிஸ்க்கின் முகவரி வரி இருந்ததைக் கவனிக்கவில்லை. சேமிக்கும்போது பிழை வந்தது. சரி, எல்லா முகவரியும் போகட்டும் என்று அழித்தேன். உடனே சேமித்துக்கொண்டது, கணினியும் கிளம்பியது.

ஆனால் பதிவேட்டை யாராலும் திறக்க முடியவில்லை. கேபிளைக் கழற்றி மாட்டினேன், சுவிட்சை அணைத்துப் போட்டேன், புயலில் ஏதோ போய்விட்டது என்றே நம்பினேன். விடியற்காலை இரண்டு மணிக்குத்தான் அந்த மெய்நிகர் கணினியின் கன்சோலில் (நேரடித் திரையில்) பார்த்தேன்: நெட்வொர்க் கார்டின் பெயர் இஎன்எஸ்7 என்று இருந்த இடத்தில் இஎன்எஸ்3. நெட்வொர்க் கார்டை முன்பு ஒருமுறை மாற்றியபோது அது ஸ்லாட் 7-க்குப் போயிருந்தது. நான் எல்லாவற்றையும் அழித்ததும் லிப்விர்ட் முதலிலிருந்து எண்ணி அதை 3-இல் உட்கார வைத்துவிட்டது. உள்ளே இருக்கும் லினக்ஸ், ஸ்லாட்டைப் பார்த்துத்தான் கார்டுக்குப் பெயர் வைக்கிறது. நிலையான ஐபியோ (நெட்வொர்க்கில் அந்தக் கணினிக்கான மாறாத எண்) பழைய பெயரில் எழுதியிருந்தது. விண்டோஸாக இருந்தாலும் புதுக் கார்டு வந்ததாக எடுத்துக்கொண்டு பழைய ஐபியை விட்டுவிடும். ஒருமுறை கொடுத்த முகவரியை லிப்விர்ட் எக்ஸ்எம்எல்லில் எழுதி வைப்பதே, ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் வன்பொருள் அதே இடத்தில் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான்.

புதிதாக ஒட்டிய சாதனத்தின் முகவரி வரியை மட்டும் அழித்தால் போதும். மற்றவை எங்கெங்கே இருக்கின்றன என்று பார்த்து, காலியான இடத்தை லிப்விர்ட் கொடுத்துவிடும். கை வைப்பதற்கு முன் 'விர்ஷ் டம்ப்எக்ஸ்எம்எல்' கொடுத்துப் பழையதை ஒரு கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். நான் அதைச் செய்யவில்லை, கார்டைப் பழைய ஸ்லாட்டுக்கே திருப்ப அந்த 7-ஐக்கூட நினைவிலிருந்துதான் எழுதினேன்.

கையாலேயே எண் போடுபவர்களுக்கு இன்னொன்று. ஒரு பிசிஐ பஸ்ஸில் 0 முதல் 31 வரை 32 ஸ்லாட்கள். எழுதுவது பதினாறடிமான எண்ணில், ஆகவே 9-க்கு அடுத்தது 0எக்ஸ்0ஏ. 0எக்ஸ்10 என்று போட்டால் அது பத்து அல்ல, பதினாறு. கியூ35 என்ற புதிய வகை மெய்நிகர் கணினியில் பெரும்பாலும் ஒவ்வொரு சாதனமும் தனித்தனி ரூட் போர்ட்டில் (இணைப்பு வாயிலில்), தனி பஸ் எண்ணோடு இருக்கும். பழைய வகையின் எண்களை அங்கே கொண்டுபோய் ஒட்டக் கூடாது.

வரும் ஞாயிறு அதே பக்கத்தில் இந்தத் திருத்தத்தை வெளியிடுங்கள். அந்த யோசனையைக் கத்தரித்து வைத்திருப்பவர்கள் இருப்பார்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
ரோஸ் ஹில், மொரிஷியஸ்