வீட்டில் பாதி உனக்குத்தான், அக்கா

அக்கா,

முடிவெடுத்துவிட்டேன். புதுச்சேரி வீட்டில் பாதியை உன் பேருக்கு மாற்றப்போகிறேன். பத்திரம் எழுதுகிறவரிடம் பேசியாகிவிட்டது. அடுத்த மாதம் அப்பாவுக்கு வருஷத் திதி. அதற்கு முன்னால் உன்னிடம் சொல்லிவிட வேண்டும் என்றிருந்தது. என் நம்பரை நீ பிளாக் செய்திருக்கிறாய், ஆனால் இந்தப் பக்கத்தைப் படிக்கிறாய். சித்தப்பா வீட்டிலும் படிக்கிறார்கள், அதனால் சில விஷயங்களை இங்கே எழுத மாட்டேன். உன் கல்யாண விஷயம் அதில் ஒன்று.

அப்பா வீட்டை எனக்கே எழுதிய உயில் தெரிந்த வாரம் நீ எனக்கு அனுப்பியது ஒன்றே ஒன்றுதான். 2018 பிப்ரவரியில் நடிகை லோரா ஸ்மெட் செத்துப்போன தன் அப்பா, பிரெஞ்சு ராக் பாடகர் ஜானி ஹாலிடேவுக்கு எழுதிய பகிரங்கக் கடிதம். நீயாக ஒரு சொல் கூட எழுதவில்லை. ஒரு கிதார் இல்லை, ஒரு மோட்டார் சைக்கிள் இல்லை, தன் பெயரில் அவர் பாடிய பாட்டின் கையெழுத்துப் போட்ட உறை கூட தனக்கு இல்லை என்று அவள் எழுதியிருந்த இடத்தில் மட்டும் கோடு போட்டிருந்தாய்.

புரிந்தது. 'லோரா' 1986இல் ழான்-ழாக் கோல்ட்மன் ஜானிக்கு எழுதிக் கொடுத்த பாட்டு. அப்போது அந்தப் பெண்ணுக்கு மூன்று வயது. நம் அப்பா அந்தப் பெயரை எடுத்துவிட்டு உன் பெயரைப் போட்டுப் பாடுவார். நீ தூங்கிய பிறகும் பாடிக்கொண்டிருப்பார். என் பெயரை எந்தப் பாட்டிலும் அவர் போட்டதில்லை, அக்கா. அதை நீ யோசித்துப் பார்த்ததே இல்லை.

ஆனால் உன்னை லோராவாக வைத்தால் நான் யார்? ஜானியின் மனைவி லெத்திசியாவா? அங்கே நடந்தது வேறு. கலிபோர்னியா சட்டப்படி எழுதிய உயிலில் எல்லாவற்றையும் ஜானி மனைவிக்கு விட்டுவிட்டுப் போனார். பிரான்ஸ் சட்டத்தில் பிள்ளைகளின் பங்கை அப்படி முழுசாகப் பறிக்க முடியாது. அதனால்தான் அவர் எந்த நாட்டில் வாழ்ந்தவர் என்பதே வழக்காகிவிட்டது. 2019 மே மாதம் நாந்தேர் நீதிமன்றம் வழக்கை பிரான்ஸிலேயே விசாரிக்கலாம் என்றது. 2020 ஜூலையில் லோரா சமரசம் செய்துகொண்டாள். அவள் அண்ணன் டேவிட் எதுவும் வேண்டாம் என்று விலகிவிட்டான். 1999இல் அப்பாவுக்காக ஒரு ஆல்பத்துக்கே இசையமைத்த பிள்ளை அவன். நம் வீடு இந்தியாவில் இருக்கிறது, அப்பா சம்பாதித்து வாங்கியது, உயில் செல்லும் என்று வக்கீல் சொன்னார். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை என்பதை சித்தப்பாவும் தெரிந்துகொள்ளட்டும்.

2017 டிசம்பர் 9, பாரிஸில் ஜானியின் இறுதி ஊர்வலம் நடந்த அந்தச் சனிக்கிழமையை நீ எப்படி நினைவு வைத்திருக்கிறாய்? நான் இப்படி வைத்திருக்கிறேன். ஷான்ஸ் எலிசே சாலை முழுக்க ஜனம். அப்பா காலையிலேயே ஷேவ் செய்து, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தபோது வாங்கிய கோட்டைப் போட்டுக்கொண்டார். ஜானியும் மரைன் காலாட்படையில் இருந்தவர், 1964இல் ஜெர்மனியில் ஒஃபன்பூர்க்கில், நம் ஆள் என்று பக்கத்தில் நின்ற தோல் ஜாக்கெட் கிழவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அப்புறம் வெள்ளைச் சவப்பெட்டியோடு வண்டி வந்தது. பின்னால் நூற்றுக்கணக்கான மோட்டார் சைக்கிள்கள். அந்தச் சத்தம் நெஞ்சுக்குள் இறங்கியது. அப்பா அழுதார். அம்மா போனபோது அழாத மனுஷன்.

நீ அவர் கையைப் பிடித்திருந்தாய். ஜானியின் சின்ன வயசுக் கதையை அவர் அப்போதுதான் தமிழில் சொல்லத் தொடங்கினார். சொந்தப் பெயர் ழான்-பிலிப் ஸ்மெட். கைக்குழந்தையாக இருக்கும்போதே அப்பன் லெயோன் விட்டுவிட்டுப் போனான். அத்தை எலேன் மார் வளர்த்தாள். 1989இல் அந்த அப்பன் பிரஸ்ஸல்ஸில் செத்தபோது அடக்கத்துக்குப் போனவன் ஜானி. "விட்டுட்டுப் போன அப்பனுக்கே புள்ள போனான் பாத்தியா" என்றார்.

நீ கையை உருவிக்கொண்டாய். உனக்காகச் சொன்னார் என்று நினைத்தாய். மதலேன் தேவாலயம் வரைக்கும் கூட வரவில்லை, மெட்ரோவுக்குள் இறங்கிவிட்டாய். உன்னைத் தடுத்து நிறுத்தியிருக்க வேண்டியது நான்தான் என்று நீ பிறகு சொன்னாய். சரி, மன்னித்துக்கொள். ஆனால் அந்தக் கூட்டத்தில் எழுபது வயதைத் தாண்டியவரைத் தனியாக விட்டுவிட்டு உன் பின்னால் எப்படி ஓடுவேன்? யாராவது ஒருவர் அவரோடு நிற்க வேண்டாமா? அன்றிலிருந்து நின்றது நான். குளிப்பாட்டியதும் நான், மாத்திரை கொடுத்ததும் நான். அந்த உயிலை அவர் எழுதக் காரணம் அதுதான். உன் மேல் இருந்த கோபத்தில் எழுதவில்லை என்று என்னால் சத்தியம் செய்ய முடியும்.

நீ போன பிறகு நடந்ததை உன்னிடம் சொன்னதில்லை. தேவாலயத்துக்கு வெளியே ஜானியின் ஆட்கள் வாசித்தார்கள், ஜனமே பாடியது. அப்பாவும் பாடினார். பாடி முடித்துத் திரும்பி, "அவ எங்க?" என்றார். டாய்லெட் போயிருக்கிறாள் என்றேன். வீட்டுக்கு வரும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். அப்புறம் மருத்துவமனையில் உன்னைப் பற்றிக் கேட்டது வேறு. அதை நேரில்தான் சொல்வேன்.

உனக்கு எத்தனை முறை போன் செய்தேன் என்று உனக்கே தெரியும். அவர் கேட்கும்போதெல்லாம் செய்தேன். நீ எடுத்திருந்தால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது. இதை எழுதும்போதும் கோபம் வருகிறது. நீ மெலிந்துவிட்டாய் என்று யாரோ சொன்னார்கள், அதைக் கேட்டதிலிருந்து சாப்பாடும் இறங்கவில்லை.

பத்திரப் பதிவுக்கு உன் பாஸ்போர்ட் நகலும் போட்டோவும் வேண்டும். என்னிடம் பேச விருப்பமில்லை என்றால் வக்கீலுக்கே அனுப்பிவிடு. வீட்டு வாடகையில் இதுவரை வந்ததில் பாதியை எடுத்துவைத்திருக்கிறேன், கணக்கும் இருக்கிறது.

'லோரா' இருக்கிற அந்த ரெக்கார்டும் என்னிடம்தான் இருக்கிறது. உறையின் பின்பக்கம் அப்பா தமிழில் உன் பெயரை எழுதியிருக்கிறார். அதைத் தபாலில் அனுப்ப மாட்டேன். திதிக்கு வந்து வாங்கிக்கொள்.

உன் தம்பி