கம்பத்து மகளுக்கு, வண்டி உதறல் பற்றி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். மதுரையில் நானும் அம்மாவும் நலம். வண்டி உதறுகிறது என்று நீ போனில் சொன்னதற்கு விரிவாகவே எழுதுகிறேன். போனில் கேட்டது பாதி மறந்துவிடும். இது பட்டறையில் நிற்கும்போது உன் கையில் இருக்க வேண்டும். மாப்பிள்ளையையும் ஒருமுறை படித்துப் பார்க்கச் சொல்.

நீ சொன்னதிலிருந்து எனக்குப் புரிந்தது இது. பொலிரோவில் 70 தாண்டியதும் உதறல் தொடங்குகிறது, 80, 85ல் அதிகம். ஸ்டியரிங்கில் பெரிதாக இல்லை, சீட்டிலும் தரையிலும்தான் தெரிகிறது. லோடோடு முதல் கியரில் கிளப்பும்போதும் ஒரு நடுக்கம். திராட்சைப் பெட்டிக்காகப் பின்னால் எடை தாங்கும் ஸ்பிரிங் பட்டை ஒன்றைக் கூட்டி, கூடவே கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குச் சுற்றைக் கொண்டுபோகும் ஜாயின்ட் ஷாஃப்ட்டைக் கழற்றி, அதன் முனை ஜாயின்ட்டில் கூட்டல் குறி மாதிரி இருக்கும் கிராஸை மாற்றிய பிறகுதான் இத்தனையும். பட்டறையில் நாலு டயரையும் மாற்றச் சொல்கிறார்கள். இப்போதைக்கு டயருக்குப் பணம் போடாதே. கை வைத்த பிறகு வந்த கோளாறை, கை வைத்த இடத்தில்தான் முதலில் தேட வேண்டும். அதற்கும் முன்னால், உதறுவது எதன் சுற்று, சக்கரமா ஷாஃப்ட்டா என்று தெரிய வேண்டும்.

உன் வண்டி டயர் 215/75 ஆர்15. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.2 மீட்டர் போகும். 80 கி.மீ. வேகம் என்றால் நொடிக்கு 22 மீட்டர், அதாவது சக்கரம் நொடிக்கு 10 சுற்று. பின் ஆக்சிலில் உள்ள கிரவுன் பல்சக்கரத்தின் விகிதம் (சக்கரம் ஒரு சுற்று வர ஷாஃப்ட் வரும் சுற்று) 4 என்று வைத்துக்கொண்டால் ஷாஃப்ட் நொடிக்கு 40 சுற்று, நிமிடத்துக்கு 2,400. டயர் கோளாறு நொடிக்கு 10 தடவை அடிக்கும். ஒவ்வொரு அடியும் உடம்பில் தனித்தனியாகப் படும். ஷாஃப்ட் பேலன்ஸ் இல்லையென்றால் 40 தடவை. அடி தெரியாது, பாதத்தில் ரீங்காரமாக ஏறும். கிராஸ் ஜாயின்ட்டின் கோணமோ வரிசையோ தப்பினால் ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை, நொடிக்கு 80. அது காதில் முழக்கமாகவே கேட்கும்.

சரியான விகிதம் தெரிய வேண்டுமா? பின்சக்கரம் இரண்டையும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் ஷாஃப்ட்டைக் கையால் சுற்று. சக்கரம் இரண்டும் சேர்ந்து ஒரு சுற்று வர ஷாஃப்ட் எத்தனை சுற்று வந்தது என்று சாக்பீஸ் கோடு போட்டு எண்ணினால் போதும். போனில் அதிர்வு காட்டும் செயலியும் உதவும். மாப்பிள்ளை ஓட்ட, நீ போனைத் தரையில் அழுத்திவைத்துப் பார். சில போன்கள் நொடிக்கு 100 முறைதான் அளக்கும். அதில் 50க்கு மேற்பட்ட அதிர்வு சரியாக வராது, 80 என்பது 20 மாதிரித் தெரியும். அதனால் 20 என்று காட்டினால் உடனே நம்பிவிடாதே.

அடுத்து ரோட்டுச் சோதனை. அதற்கு மதுரை வரும் வழியே போதும். ஆண்டிபட்டி கணவாய் ஏறும்போது ஷாஃப்ட் இழுவையில் இருக்கும், இறங்கும்போது ஆக்சிலேட்டரை விட்டால் சக்கரம் ஷாஃப்ட்டைத் தள்ளும். ஏற்றத்தில் மட்டும் உதறினால் கோணம், கிராஸ் ஆட்டம், கியர்பாக்ஸ் மவுண்ட் மூன்றையும் சந்தேகப்படு. ஏற்றம் இறக்கம் எதிலும் மாறாமல் வேகத்தை மட்டும் ஒட்டி வந்தால் பேலன்ஸ் அல்லது டயர். இறக்கத்தில் கியரிலேயே வா, நியூட்ரல் கூடவே கூடாது. நியூட்ரல் சோதனையை உசிலம்பட்டி தாண்டிச் சமதளமான, ஆளில்லாத நேரான இடத்தில் செய். 85ல் போய் நியூட்ரலுக்குத் தள்ளி 65 வரை தானாகக் குறையட்டும். சாவியை அணைக்காதே, அணைத்தால் பிரேக் பூஸ்டர் போய்விடும், ஸ்டியரிங்கும் பூட்டிக்கொள்ளலாம். நியூட்ரலிலும் உதறல் அப்படியே இருந்தால் இன்ஜினும் கிளட்ச்சும் காரணமல்ல. அதே 80ஐ நாலாவது கியரிலும் ஐந்தாவது கியரிலும் ஓட்டிப் பார்ப்பதும் இதையே சொல்லும்: இன்ஜின் சுற்று மாறியும் உதறல் 80லேயே நின்றால் கோளாறு கியர்பாக்ஸுக்குப் பின்னால்தான்.

டயரை ஒதுக்க ஒரே ஒரு வேலை: காற்றைச் சரிபார்த்து, முன் டயரைப் பின்னாலும் பின் டயரை முன்னாலும் மாற்றிப் போட்டு ஓட்டு. உதறல் ஸ்டியரிங்குக்கு வந்தால் டயர். இடம் மாறவே இல்லையென்றால் டயர் இல்லை. ரிம்முக்கு உள்பக்கம் காய்ந்து ஒட்டிய சேற்றைச் சுரண்டிவிட்டுச் செய்.

இனி வண்டிக்கு அடியில். சமதளத்தில் நிறுத்தி, முன்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை வை. ஹேண்ட்பிரேக் பின்சக்கரத்தைத்தான் பிடிக்கும், பின்சக்கரத்தைத் தூக்கியபின் அதை நம்ப முடியாது. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் யாரும் போகக் கூடாது, ஸ்டாண்டு கட்டாயம். இன்ஜினை ஓடவிட்டு, சுற்றுகிற ஷாஃப்ட்டுக்குப் பக்கத்தில் சாக்பீஸைக் காட்டிக் கனமான பக்கம் கண்டுபிடிக்கும் பழக்கம் சில பட்டறையில் உண்டு. உன் வண்டியில் அதைச் செய்ய விடாதே. புடவைத் தலைப்போ துப்பட்டாவோ சட்டைக் கையோ சிக்கினால் இழுத்துக்கொள்ளும். நான் கீழே சொல்வது எல்லாம் கையால் சுற்றியே செய்யக்கூடியது.

முதலில் ஷாஃப்ட்டை முழுக்கத் துடைத்துப் பார். சாலையில் மிதிபடப் போட்டிருக்கும் கொள்ளு, உளுந்துச் செடி மேல் ஏறி வந்திருந்தால் கொடி ஷாஃப்ட்டில் சுற்றி இறுகியிருக்கும். அது பேலன்ஸையும் கெடுக்கும், சைலன்ஸர் சூட்டில் தீயும் பிடிக்கும். புதிதாய்ப் போட்ட தார் ஒட்டியிருந்தாலும் அப்படித்தான், மண்ணெண்ணெய் போட்டுத் துடை. குழாயில் நசுங்கல் இருக்கிறதா? சின்னச் செவ்வகமாகப் பளிச்சென்று ஒரு வெல்டிங் தடம் மட்டும் தெரிந்தால் அங்கிருந்த பேலன்ஸ் தகடு விழுந்துவிட்டது. பிறகு ஜாயின்ட்டின் இரண்டு பக்கத்தையும் இரண்டு கையால் பிடித்து எதிரெதிராக முறுக்கு. கண்ணுக்குத் தெரியும் ஆட்டம் எதுவும் இருக்கக் கூடாது. கிராஸின் முனைகளை மூடியிருக்கும் கப்பின் விளிம்பில் செந்தூள் படிந்திருந்தால் உள்ளே கிரீஸ் வற்றித் துருவேறிவிட்டது. நடுவில் ரப்பரில் தொங்கும் சென்டர் பேரிங் இருந்தால் உன் ஷாஃப்ட் இரண்டு துண்டு. அந்த ரப்பர் கிழிந்திருந்தாலே கிளப்பும்போது நடுக்கம் வரும்.

எனக்கு அதிகச் சந்தேகம் ஸ்லிப் ஜாயின்ட்டில்தான். ஷாஃப்ட் நீண்டு சுருங்குவதற்காகப் பல்வரிசையில் ஒன்றுக்குள் ஒன்று போகும் இடம் அது. கழற்றும்போது அடையாளம் போடாமல் உருவி, வேறு பல்லில் செருகிவிட்டால் கதை முடிந்தது. காரணம் இதுதான். கிராஸ் ஜாயின்ட் ஒரு கோணத்தில் சுற்றும்போது, உள்ளே வரும் சுற்று சீராக இருந்தாலும் வெளியே போகும் சுற்று, ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். கோணம் 3 டிகிரி என்றால் 0.14 சதவீதம்தான்; 6 டிகிரி ஆனால் 0.55 சதவீதம், நாலு மடங்கு. முன் ஜாயின்ட் செய்யும் இந்த ஏற்ற இறக்கத்தைப் பின் ஜாயின்ட் எதிர்மாறாகச் செய்து அடித்துவிட வேண்டும். அதற்கு ஷாஃப்ட்டின் இரு முனையிலும் கிராஸைப் பிடிக்கும் கவட்டையான யோக்கின் காதுகள் ஒரே வரிசையில் இருக்க வேண்டும். 16 பல் இருந்தால், ஒரு பல் தள்ளிச் செருகினாலே 22.5 டிகிரி விலகல். அதை எந்த பேலன்சிங் மெஷினாலும் சரிசெய்ய முடியாது. ஷாஃப்ட்டைக் கழற்றித் தரையில் வைத்து ஒரு முனையிலிருந்து மறு முனையைப் பார்த்தால் கண்ணுக்கே தெரியும். இரண்டு துண்டு ஷாஃப்ட்டாக இருந்தால் கண்ணளவு போதாது, கம்பெனி போட்ட அம்புக்குறியைத் தேடிப் பொருத்தச் சொல்.

கழற்றும் முன் வெள்ளைப் பெயின்டால் மூன்று இடத்தில் கோடு: கியர்பாக்ஸ் பக்க ஃபிளான்ஜ் (போல்ட் போடும் தட்டு), ஸ்லிப் ஜாயின்ட், கிரவுன் பக்க ஃபிளான்ஜ். இப்போது இருக்கும் நிலை தப்பாகவே இருக்கலாம், ஆனாலும் எங்கிருந்து மாற்றினோம் என்று தெரிய வேண்டும்.

அடுத்த சந்தேகம் கிராஸ். புதியதுதான், ஆனால் நடுவில் உட்கார்ந்ததா? இரண்டு பக்கத்துக்கும் வேறு வேறு தடிமனில் சர்க்ளிப் (கப்பை நிறுத்தும் வளையம்) போட்டால் ஷாஃப்ட் ஒரு பக்கம் தள்ளி நிற்கும். 8 கிலோ ஷாஃப்ட்டின் ஒரு முனை 0.1 மி.மீ. விலகினால், 35 மி.மீ. ஆரத்தில் 11 கிராம் தகடு ஒட்டியதற்குச் சமம். 2,400 சுற்றில் அந்த 11 கிராம் இரண்டரை கிலோ எடையின் பலத்தோடு இழுக்கும். இந்த இழுவை வேகத்தின் இருமடிப்படி ஏறும். 40ல் ஒன்று என்றால் 80ல் நாலு. அதனால்தான் ஊருக்குள் ஓட்டும்போது ஒன்றும் தெரியாது.

மறுபடி கழற்றிப் பூட்டுவதாக இருந்தால், வைஸில் வைத்து, கப்பைவிடப் பெரிய சாக்கெட்டை ஒரு பக்கமும் சிறியதை மறுபக்கமும் கொடுத்து அழுத்தியே எடுக்க வேண்டும். குழாயை வைஸில் இறுக்கி நசுக்கவோ சுத்தியலால் அடிக்கவோ கூடாது. பூட்டும்போது சர்க்ளிப் பள்ளத்தில் உட்கார மறுத்தால் கப்புக்குள் பேரிங்காக இருக்கும் ஊசிகளில் ஒன்று சரிந்து அடியில் கிடக்கிறது என்று அர்த்தம். அதற்கு மேல் அழுத்தாமல் கப்பை எடுத்து ஊசிகளை கிரீஸ் வைத்து ஒட்ட நிறுத்த வேண்டும். பூட்டி முடித்தபின் யோக் காதில் லேசாகத் தட்டினால் இறுக்கம் தளரும். எல்லாப் பக்கமும் ஒரே சீராக அசைய வேண்டும், ஆட்டம் இருக்கக் கூடாது. கிரீஸ் ஏற்றும் வாயான நிப்பிள், கிரீஸ் கன்னுக்கு எட்டும்படி இருக்கட்டும். நாலு கப்பின் ஓரத்திலும் புது கிரீஸ் எட்டிப்பார்க்கும் வரை அடிக்கச் சொல். ஒரு கப்பில் மட்டும் வரவில்லையென்றால் அது பட்டினியில் இருக்கிறது, மாதக் கணக்கில்தான் தாங்கும்.

ஷாஃப்ட் வளைவையும் பார்த்துவிடு. டயல் கேஜ் (விலகலை முள்ளில் காட்டும் கருவி) இருந்தால் இரு முனையிலும் நடுவிலும் வைத்துக் கையால் சுற்றிப் பார்க்கலாம். வண்டிப் புத்தகத்தில் இருக்கும் அளவுதான் கணக்கு. பொதுவாக அரை மி.மீ.க்குள் இருந்தால் நிம்மதி, 1 மி.மீ.யைத் தொட்டால் லேத் பட்டறைக்கு அனுப்பு.

இனி பட்டை. பட்டை கூட்டும்போது, பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட்டின் தலை ஆக்சில் தட்டில் உள்ள குழியில் சரியாக உட்காராவிட்டால் ஆக்சில் முன்பின் நகர்ந்துவிடும். பட்டையை ஆக்சிலோடு இறுக்கும் யூ போல்ட் நான்கும் முதல் சில நூறு கி.மீ. ஓடியதும் மறுபடி இறுக்கப்பட வேண்டும். இது விட்டுப்போயிருக்கும் என்றே நினைக்கிறேன். அதன்பின் கோணம். இதை வண்டி தன் எடையில் சக்கரத்தில் நிற்கும்போதுதான் அளக்க வேண்டும், ஆகவே குழி உள்ள பட்டறைக்குப் போ. சாய்வு காட்டும் செயலியோடு போனை ஷாஃப்ட் குழாயிலும், கியர்பாக்ஸ் ஃபிளான்ஜிலும், கிரவுன் ஃபிளான்ஜிலும் ஒட்டிவைத்து மூன்று அளவையும் எழுதிக்கொள். ஃபிளான்ஜ் முகம் செங்குத்தாக இருப்பதால் அந்த அளவில் 90ஐக் கழி. ஷாஃப்ட்டுக்கும் முன் முனைக்கும் உள்ள வித்தியாசம், ஷாஃப்ட்டுக்கும் பின் முனைக்கும் உள்ள வித்தியாசம், இவைதான் இரண்டு கோணங்கள். ஒவ்வொன்றும் 1 முதல் 3 டிகிரிக்குள், ஒன்றுக்கொன்று 1 டிகிரிக்கு மேல் விலகாமல் இருந்தால் நல்லது. சுழியம் வேண்டும் என்று ஆசைப்படாதே. கோணமே இல்லாவிட்டால் ஊசிகள் உருளாமல் ஒரே இடத்தில் அழுத்திக் குழி விழும். காலி வண்டியில் ஒரு தடவை, பெட்டி ஏற்றி ஒரு தடவை அள. பின்கோணம் மட்டும் தப்பியிருந்தால் பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் ஆப்புத் தகடு வைத்துத் திருத்தலாம். இரண்டு பக்கமும் ஒரே டிகிரித் தகடு, பக்கத்துக்கு ஒன்றே ஒன்று. கியர்பாக்ஸ் மவுண்ட் ரப்பர் அமுங்கியிருந்தால் அதைத்தான் முதலில் மாற்ற வேண்டும், தகடு பிறகு.

இவ்வளவும் சரியாக இருந்தும் உதறினால்தான் பேலன்சிங். செலவில்லாத ஒரு முயற்சி: கிரவுன் பக்கம் நாலு போல்ட்டையும் கழற்றி, ஷாஃப்ட்டை அரைச் சுற்றுத் திருப்பிப் பூட்டி ஓட்டிப் பார். ஷாஃப்ட்டின் கனமும் ஃபிளான்ஜின் கனமும் ஒரே பக்கம் சேர்ந்திருந்தால் இதிலேயே பாதி குறையும். அடுத்து ஓஸ் கிளிப், ரப்பர் குழாயை இறுக்கும் திருகு வளையம். ஷாஃப்ட்டின் பின்முனையில் 1, 2, 3, 4 என்று கால் சுற்றுக்கு ஒரு குறி போட்டு, கிளிப்பின் திருகுத் தலையை ஒவ்வொரு குறியிலும் வைத்து அதே ரோட்டில் அதே 80ல் ஓட்டி எழுதிக்கொள். எந்தக் குறியில் குறைகிறதோ அங்கே இரண்டாவது கிளிப்பையும் சேர்த்துப் பார். அதிகமாகிவிட்டால் இரண்டு தலையையும் சம தூரத்தில் விலக்கு. நான்கு குறியிலும் துளி மாற்றம் இல்லையென்றால் பேலன்ஸ் கோளாறே இல்லை. கிளிப் கண்டுபிடிப்பதற்கு மட்டும், அதோடு ஓட்டிக்கொண்டிருக்காதே. மெஷினுக்கு அனுப்பும்போது கிராஸ், ஸ்லிப் ஜாயின்ட் எல்லாம் பூட்டியபடியே முழு ஷாஃப்ட்டாக அனுப்பு. தகடு வெல்டு வைக்கையில் எர்த் கிளிப் அந்தக் குழாயிலேயே இருக்க வேண்டும். ஃபிளான்ஜில் மாட்டினால் கரன்ட் ஊசி பேரிங் வழியாகப் பாய்ந்து புது கிராஸைப் புள்ளி புள்ளியாக அரித்துவிடும். இதை வாய்விட்டுச் சொல், கூச்சப்படாதே.

திரும்பப் பூட்டும்போது நைலான் நட் நாலும் புதிது. டார்க் ரெஞ்சில் புத்தகம் சொல்லும் அளவு, எதிரெதிர் போல்ட்டாக.

மாப்பிள்ளையின் ஸ்விஃப்ட் பற்றியும் கேட்டாய். அது முன்சக்கர வண்டி, இந்தக் கோணக் கதை அதற்கு இல்லை. ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது நடுங்கி, விட்டதும் நின்றால் கியர்பாக்ஸ் பக்கத்து உள் ஜாயின்ட். வளைவில் டக் டக் என்றால் சக்கரப் பக்கத்து சி.வி. ஜாயின்ட். ரப்பர் பூட் கிழிந்திருக்கிறதா என்று பார். சத்தம் வரும் முன் கிழிசல் கண்ணில் பட்டால் அந்த ரப்பர் பூட்டையும் கிரீஸையும் மட்டும் மாற்றித் தப்பிக்கலாம்.

முதலில் யூ போல்ட்டையும் ஸ்லிப் ஜாயின்ட் வரிசையையும் பார்த்துவிட்டு, மூன்று கோண அளவையும் எனக்கு அனுப்பு. அதுவரை சோதனை ஓட்டம் தவிர 65க்கு மேல் ஓட்ட வேண்டாம், லோடையும் குறைத்தே ஏற்று.

அன்புடன்,
அப்பா