லுவாவை விட்டுவிட்டேன்

மாப்ள,

பங்குனித் தேருக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் போனது தப்புத்தான், நேரில் பார்க்கும்போது திட்டிக்கொள். அம்மா நலம். மஞ்சள் காய்ந்து மூட்டையில் கிடக்கிறது, விலைக்குக் காத்திருக்கிறோம்.

இப்போது விஷயம். நாம எழுதுகிற ஓஎஸ்ஸுக்குள் (இயங்குதளத்துக்குள்) வைக்கிற நிரல்மொழி முடிவாகிவிட்டது. நீ சண்டை போட்டுச் சொன்ன லுவா இல்லை, ஃபோர்த். கத்தாதே, முழுசாகப் படி. லுவா நல்ல மொழி, நெட்பிஎஸ்டி என்கிற ஓஎஸ்ஸின் மையமான கர்னலுக்குள்ளேயே ஓடுகிறது, எல்லாம் சரி. ஆனால் அது கேட்கிற சி லைப்ரரி, அதாவது சி மொழியின் ஆயத்தச் செயல்கள், நம்மிடம் எங்கே இருக்கிறது? ரீஅலாக், லாங்ஜம்ப் என்று ஒவ்வொன்றாக எழுதியே மூன்று வாரம் போச்சு, லுவாவில் ஒரு வரி ஓடவில்லை. ஃபோர்த்துக்கு மதிப்புகளை அடுக்கி வைக்க இரண்டு ஸ்டாக்கும், சொற்களை வைக்க ஓர் அகராதியும் போதும். கம்ப்யூட்டர் எழும்போது முதலில் படிக்கிற 512 பைட் பூட் செக்டருக்குள் அதை அடக்கியவர்களே இருக்கிறார்கள்.

அதைவிடப் பெரிய காரணம் அக்கா மகள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், நான் 2 3 + என்று அடித்தேன். "ரெண்டு மூணு கூட்டுன்னு நாம பேசற மாதிரியே இருக்குதுங்க மாமா" என்றாள். எனக்குச் சிலிர்த்துவிட்டது. தலைகீழ் மொழி என்று கல்லூரியில் பயந்தோமே, தமிழனுக்கு அது நேர் மொழிடா! வினை கடைசியில். அன்று ராத்திரியே கூட்டு என்ற புதுச் சொல்லை : கூட்டு + ; என்று எழுதி, சீரியல் போர்ட் வழியாக லேப்டாப்பில் ஓடவிட்டோம். 5 வந்தது.

அப்புறம் இரண்டு நாள் தூக்கம் போனது. திரும்பச்செய், திரும்பச்சொல் என்று இரண்டு சொல் வைத்தேன், எதைக் கூப்பிட்டாலும் பின்னால் எழுதியதே வந்தது. பெயரின் நீளத்துக்குப் பழைய வழக்கப்படி 5 பிட்தான் விட்டிருந்தேன், அதாவது 31 பைட். எழுத்தைப் பைட்டாகச் சேமிக்கிற யூடிஎஃப்-8 முறையில் நம் எழுத்தின் ஒவ்வொரு குறியும் 3 பைட், க-வும் தனி, அதன் மேல் புள்ளியும் தனி. பத்துக் குறியோடு பெயர் வெட்டுப்பட்டு இரண்டும் ஒன்றாகிவிட்டது! நீளத்துக்கு முழு பைட் கொடுத்ததும் சரியானது.

இனி உன் வேலை. ஃபோர்த்தில் இஃப் (if) நிபந்தனைக்குப் பின்னால் வரும், அங்கே 'ஆனால்' கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. அதை முடிக்கிற தென் (then) என்பதற்குத்தான் சொல் வேண்டும். சென்னிமலையான் 'அவ்வளவுதான்' என்கிறான், எனக்கு நீளம். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு 'ஆச்சு' என்பார்களே, அது எப்படி இருக்கும்? ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லு.